நாலு தம்ளரும் ஒரு கண்டக்டரும்

சேவை சங்கத்துச் செயலாளர் பதவியில் சம்பளமும் கிடையாது, விடுதலையும் கிடையாது. ராஜினாமாக் கடிதத்தை நாமே டைப் அடித்து, நாமே பெற்றுக்கொண்டு, நாமே ஃபைலில் கட்டிவைக்க வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் பெரம்பலூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டிருந்தேன். ஊரில் சங்கம் தொடங்கியபோது, டைப் அடிக்கத் தெரிந்தவன் என்ற ஒரே தகுதிக்காக என்னைப் பிடித்துப் போட்டார்கள். கண் சிகிச்சை முகாமுக்கு பெஞ்சு இரவல் கேட்டு அலைந்தவர்களும், சிறப்பு விருந்தினர் வராமல் போக, வாங்கிய ரோஜா மாலையை யார் கழுத்தில் போடுவது என்று விழித்தவர்களும் இதைப் படிக்க நேர்ந்தால், என்னோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விடலாம்.

சீட்டு விழுந்த விதம்

மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. வழி தவறக்கூடிய நிலையில் இருக்கும் இளைஞர்களை உறுப்பினர்கள் ஆளுக்கொருவராகத் தத்தெடுத்து, ஓராண்டு வழிகாட்ட வேண்டுமாம். அப்படிப்பட்டவர்களுக்கு எங்கே போவது? சப் இன்ஸ்பெக்டரிடம் போனோம். அவர் யோசிக்கக்கூட இல்லை, மளமளவென்று ஐந்து பெயர்களை எழுதிக் கொடுத்தார். சீட்டுப் போட்டு எடுத்தோம். எங்கள் தலைவர் நடேசன், ரைஸ்மில் முதலாளி, எடுத்த சீட்டில் 'கலியபெருமாள்' என்று இருந்தது. மனிதர் முகம் மாறிவிட்டது.

மாறாமல் என்ன செய்யும்? கலியபெருமாள் என்ற கலியனுக்கு வயது பத்தொன்பது. பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு ஆள் கூப்பிடுகிறவன். வாரத்துக்கு ஒரு சண்டையாவது போட்டால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். இரண்டு வாரம் முன்புதான் அவன் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் சங்கத்தின் சார்பில் தண்ணீர்ப் பந்தல் திறந்தோம். நாலு எவர்சில்வர் தம்ளர்களைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தோம். மூன்றாம் நாள் சங்கிலியோடு காணோம். கலியன்தான் எடுத்தான் என்று தலைவர் எழுத்து மூலம் புகார் கொடுத்துவிட்டார். அந்தப் புகாரைத் தப்பில்லாமல் டைப் அடித்துக் கொடுத்தவன் நான்தான்.

சீட்டை மறுபடி குலுக்கலாமா என்று தலைவர் கேட்டுப் பார்த்தார். மற்றவர்கள் தங்கள் சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். விவரம் கேட்ட சப் இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சொன்னார்: "திருடன்னு எழுதிக் குடுத்தவரே புள்ளைன்னு கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போறது நம்ம ஸ்டேஷன்ல இதுதான் மொதத் தடவை சார்."

தத்து

மறுநாள் காலை என் இன்ஸ்டிட்யூட்டில் பன்னிரண்டு மெஷின்களும் ஒரே நேரத்தில் நின்றன. வாசலில் கலியனின் அம்மா வள்ளியம்மை. துறைமங்கலத்திலிருந்து களை எடுக்கப் போகிற வழியில் நேராக வந்திருந்தார். மில்காரர் தன் மகனைத் தத்து எடுத்துக்கொண்டாராமே, பெற்றவளைக் கேட்க வேண்டாமா என்று அவர் போட்ட சத்தத்தில் லோயர் பரீட்சைக்குப் படிக்கிற பெண்கள் சுவரோரம் ஒதுங்கிவிட்டார்கள்.

அது பெயருக்குத்தான் தத்து, புத்தி சொல்வதோடு சரி என்று விளக்கினேன். அதற்குள் மில்காரர் வீட்டிலும் இதே குழப்பம் என்று பிறகு தெரிந்தது. சொத்தில் பங்கு போய்விடுமோ என்று தலைவரின் மைத்துனர் வக்கீலைப் பார்க்கவே கிளம்பிவிட்டாராம். வள்ளியம்மைக்குச் சொத்துக் கவலை இல்லை. அவருக்கு வேறு கவலை. கலியன் பத்தாவது தேறியவன். கண்டக்டர் லைசென்ஸ் வாங்கி வந்தால் வேலை தருவதாக ஒரு பஸ் முதலாளி வாக்குக் கொடுத்திருக்கிறார். லைசென்ஸுக்கு முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். இவன் மேல் புகார் எதுவும் இல்லை என்று ஸ்டேஷனிலிருந்து கடிதமும் வேண்டும். முதலாவது எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை. இரண்டாவது எங்களால் கிடைக்காமல் போயிருக்கிறது.

அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கூசியது. முதலுதவி வகுப்பைச் சங்கமே நடத்தும், கடிதத்துக்கும் வழி பார்க்கிறோம் என்றேன். வள்ளியம்மை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். படி இறங்குகையில் திரும்பிச் சொன்னார்: "புத்தியெல்லாம் நீங்க சொல்லிக்குங்க சார். திட்டுறதை மட்டும் எங்கிட்ட வுட்டுருங்க."

அடிபட்டவர்

முதலுதவி வகுப்பை எங்கள் உறுப்பினர் கம்பவுண்டர் தர்மலிங்கம் நடத்தினார். கட்டுப்போட்டுப் பழக ஓர் ஆள் வேண்டும். யாரும் முன்வராததால் தலைவர், முன்மாதிரியாக இருக்கட்டும் என்று, தானே பெஞ்சில் படுத்தார். வலது கால் முறிந்ததாக வைத்துக்கொள், கையும் முறிந்தது, தாடையும் பெயர்ந்தது என்று கம்பவுண்டர் அடுக்கிக்கொண்டே போனார். கலியன் கட்டிய கட்டு அப்படியொரு கட்டு. நெல் மூட்டையைக்கூட அவ்வளவு இறுக்கமாகத் தைக்கமாட்டார்கள். எல்லாரும் டீ குடிக்கப் போனோம்.

திரும்பி வந்து பார்த்தால், மில்லிலிருந்து ஆள் வந்து நிற்கிறான், இன்ஜின் நின்றுபோய்விட்டதாம். தலைவர் தாடைக் கட்டுக்குள்ளிருந்து உறுமுகிறார், கண்ணை உருட்டுகிறார். கலியன் அவர் நெற்றியில் ஈரத்துணி போட்டபடி, பாடத்தில் படித்ததை அப்படியே ஒப்பித்தான்: "அடிபட்டவரு பேசக் கூடாதுங்க ஐயா. பெரிய டாக்டர் வர்ற வரைக்கும் அசையாம இருக்கணும்."

பெரம்பலூர், பெரம்பலூர்

சான்றிதழ் வந்தது. அந்தச் சூட்டோடு, அரியலூருக்குப் பக்கத்தில் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயில் தேருக்கு முதலுதவிப் பந்தல் போட்டோம். கலியனின் பெயரே அந்தப் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டு வைத்தது. கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம். எங்களுக்கு வந்த கேஸ்களில் மயங்கி விழுந்தவர்களைவிடத் தொலைந்துபோனவர்கள்தான் அதிகம். பகல் பதினோரு மணிக்கு மைக் செட் உயிரை விட்டது. சரியாக அப்போதுதான் தலைவரின் மனைவி சரோஜா அம்மாளைக் காணவில்லை. தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேரைச் சுற்றி ஓடினார்.

"நான் கூப்பிடுறேன் சார்" என்று கலியன் பெஞ்சின் மேல் ஏறினான். கையைக் குவித்து, வழக்கமான குரலில், "பெரம்பலூர் பெரம்பலூர் பெரம்பலூரேய்!" என்றான். "பெரம்பலூர் மில்காரம்மா எங்கிருந்தாலும் வரவும்" என்றுதான் சொல்ல நினைத்தானாம். பழக்கதோஷம், முதல் வார்த்தையிலேயே வண்டி நின்றுவிட்டது. பஸ் கிளம்புகிறது என்று நினைத்து ஐம்பது அறுபது பேர் மூட்டை முடிச்சோடு எங்கள் பந்தலுக்குள் பாய்ந்தார்கள். பாதிப் பேர் இடம் பிடிக்க எங்கள் கட்டிலின் மேல் துண்டு போட்டுவிட்டார்கள். அவர்களுக்கெல்லாம் முன்னால், இரண்டு கையிலும் பை, மூச்சிரைக்க வந்து நின்றார் சரோஜா அம்மாள்.

தலைவருக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. சரோஜா அம்மாள் அவரைப் பார்க்கவில்லை. கலியனைத்தான் பார்த்தார். "இருவது வருஷமா இவரு கூப்பிட்டு நான் ஒருநாளும் இப்படி ஓடி வந்ததில்ல தம்பி. ஒனக்கு அந்தக் கண்டக்டர் வேலை கெடைக்காம யாருக்குடா கெடைக்கும்?"

நாலும் பதினாறும்

ஆனால் புகார் அப்படியேதான் இருந்தது. வாபஸ் வாங்குங்கள் என்று நானும் கம்பவுண்டரும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தோம். "என் சொந்தப் பொருளா இருந்தா விட்டுருவேன். இது சங்கத்துப் பொருள், செக்ரட்டரி" என்று தலைவர் முறுக்கிக்கொண்டார். இறங்கி வர அவருக்கும் ஆசைதான், படிதான் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கடிதம் வராவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வதாகப் பஸ் முதலாளி சொல்லிவிட்டார். கலியன் அந்த வாரம் யாரோடும் சண்டை போடவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப வேதனையாக இருந்தது. பொருள் கிடைத்துவிட்டால் புகாரை முடித்துவிடலாம் என்று சப் இன்ஸ்பெக்டர் ஜாடையாகச் சொன்னார்.

வியாழக்கிழமை விடிகாலை வீட்டிலிருந்து நாலு எவர்சில்வர் தம்ளர்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு தண்ணீர்ப் பந்தலுக்குப் போனேன். அங்கே ஏற்கெனவே நாலு தம்ளர் தொங்கிக்கொண்டிருந்தது! திரும்பிவிடலாம் என்றால் டீக்கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் என்னுடையதையும் சணல் கயிற்றில் கட்டிவிட்டு வந்தேன். தம்ளர் கிடைத்துவிட்டதாகத் தகவல் போய், ஒன்பது மணிக்கு சப் இன்ஸ்பெக்டர் வந்தபோது நாங்கள் எல்லாரும் தற்செயலாக வந்தவர்கள்போல் நின்றுகொண்டிருந்தோம். பந்தலில் பதினாறு தம்ளர்கள்.

நம் வீடுகளில்தான் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டாமல் விடமாட்டோமே! அவர் ஒவ்வொன்றாகத் தலைகீழாகத் திருப்பிப் படித்தார். நாலில் என் மாமனார் பெயர். நாலில் கம்பவுண்டர் தர்மலிங்கம். நாலில் 'சரோஜா.' சரோஜா அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். கடைசி நாலைத் திருப்பியதும் சப் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டார்: 'நடேசன் ரைஸ்மில்.' ஒரே வீட்டிலிருந்து புருஷனுக்குத் தெரியாமல் மனைவியும், மனைவிக்குத் தெரியாமல் புருஷனும் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள். தலைவர் வானத்தைப் பார்த்தார். "காணாமப் போனது நாலு, கெடைச்சது பதினாறு. மிச்சம் பன்னெண்டுக்கு உங்க நாலு பேரு மேலயும் கேஸ் எழுதட்டுங்களா?" என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டுவிட்டு, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து கலியனுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்ற கலியன், என் காதருகில் குனிந்து சொன்னான்: "நெசமா நான் எடுத்தது ரெண்டுதான் சார்."

உள்ளே தள்ளி

மூன்று மாதம் கழித்து நானும் தலைவரும் சங்கத்துக் கூட்டத்துக்காகத் திருச்சி பஸ்ஸில் ஏறினோம். காக்கிச் சட்டை, தோளில் பை, காதில் பென்சில், கலியன். வள்ளியம்மை இஸ்திரி போட்டுக் கொடுத்த மடிப்பு இன்னும் கலையவில்லை. தலைவருக்கு அவனைப் பார்த்ததும் தத்துப் பிள்ளை என்ற உரிமை பொங்கிவிட்டது. படியில் நிற்காதே, விசிலை அவ்வளவு பலமாக ஊதாதே, பெரியவர்களிடம் மரியாதையாகப் பேசு என்று சிறுவாச்சூர் வரைக்கும் வழிகாட்டிக்கொண்டே வந்தார்.

கலியன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். பிறகு நீளமாக ஒரு விசில் ஊதினான். "ஐயா, புத்தி சொல்றதுன்னா பாடாலூர்ல எறங்கி எழுதி வையுங்க, திரும்பி வரப்ப வாங்கிக்கிறேன். இப்ப கொஞ்சம் உள்ள தள்ளி ஒக்காருங்க, கைப்புள்ளையோட ஒரு அம்மா நிக்கிறாங்க."

தலைவர் மறுபேச்சுப் பேசாமல் தள்ளி உட்கார்ந்ததை என் கண்ணால் பார்த்ததால், ஆண்டறிக்கையில் 'திருந்தியவர்கள்' என்ற கட்டத்தில் ஒன்று என்று தைரியமாக டைப் அடித்தேன். அது யார் என்று மேலிடமும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.