ஆனியில் திறந்து ஆவணியில் பூட்டிய ஆஸ்பத்திரி

பரமசிவனுக்குச் சொந்த ஊர் தென்காசி. 1934இல் கம்பவுண்டராகச் சேர்ந்ததும் அவரைக் குற்றாலத்துக்கு அனுப்பினார்கள். அருவியில் குளிக்க வரும் பெரிய மனிதர்களுக்காக அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரி நடந்தது. ஆனியில் திறப்பார்கள், ஆவணி முடிந்து சாரல் நின்றதும் பூட்டிவிடுவார்கள். சீசனுக்கு மட்டும்தான் மேலிடத்தில் பணம் ஒதுக்கியிருந்தார்கள். மற்ற மாதங்களில் உள்ளூர்க்காரர்களுக்கு நோய் வந்தால் மூன்றரை மைல் நடந்து தென்காசிக்குத்தான் போக வேண்டும்.

ஆஸ்பத்திரியைக் கூட்டிப் பெருக்க முருகம்மாள் வருவாள். முப்பது வயதுக்காரி. சீசன் முடிந்ததும் புருஷன் மாடக்கண்ணுவோடு விறகுக்குப் போய்விடுவாள். ஒருநாள் பேச்சுவாக்கில் அவள் சொன்னாள்:

"அடைமழை விட்டதும்தான்யா இங்கன மலேரியா. நீங்க பூட்டிட்டுப் போன பொறவு வீட்டுக்கு வீடு நடுக்கம்."

அடுத்த வருஷம் மேலாபீஸிலிருந்து ஒரு தாக்கீது வந்தது. ஆஸ்பத்திரியை வருஷம் முழுக்கத் திறந்து வைக்கத் தேவை உண்டா? சீசன் இல்லாத மாதங்களில் நோயாளிகள் எத்தனை பேர்? டாக்டர் காகிதத்தைப் பரமசிவனிடம் நீட்டினார்.

"நீரே பாத்து எழுதும். நான் கையெழுத்துப் போடுதேன்."

பரமசிவனின் மனைவி முத்துவடிவு அப்போது தென்காசியில் தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்தாள். வருஷம் முழுக்க என்று ஆகிவிட்டால் அவர் குற்றாலத்திலேயே கிடக்க வேண்டும். நோயாளிப் பதிவேட்டைப் புரட்டினார். புரட்டாசி முதல் வைகாசி வரை ஒரு பெயர்கூட இல்லை. பூட்டிக் கிடக்கும் ஆஸ்பத்திரிக்கு யார் வருவார்கள் என்று தோன்றாமல் இல்லை. ஆனாலும் 'நோயாளிகள் இல்லை. தேவையில்லை' என்று எழுதினார். பதிவேட்டில் உள்ளதைத்தானே எழுதினோம் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

அந்த ஆவணிக் கடைசியில் அவர் மருந்துகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது முருகம்மாள் கிழிந்த போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். ஒரு வாரமாக அவளுக்கும் காய்ச்சல்.

"இன்னும் பத்து நாளைக்கு மருந்து குடுத்துட்டுப் போங்கய்யா."

"மிச்சமுள்ள கொயினா மருந்தத் திருப்பி அனுப்பணும், முருகம்மா. மூணு நாளைக்குத் தாரேன். தீந்ததும் தென்காசிக்கு வா. நான் அங்கன ஆஸ்பத்திரியிலதான் இருப்பேன்."

"வந்துட்டுப் போனா அன்னைக்குக் காட்டுக்குப் போவ முடியாதேய்யா. ராத்திரிக்கு உலை வைக்கது எப்படி?"

மூன்று நாள் மருந்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் பரமசிவன் பெட்டியை மூடினார்.

இரண்டு தடவை தென்காசிக்கு வந்தாள். இரண்டாம் தடவை வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்து வந்ததாகச் சொன்னாள். அப்புறம் வரவில்லை. குணமாகியிருக்கும் என்று பரமசிவன் நினைத்துக்கொண்டார். பெண் குழந்தை பிறந்திருந்த சந்தோஷத்தில் அதற்குமேல் நினைக்கவும் இல்லை.

மறுவருஷம் ஆனியில் ஆஸ்பத்திரியைத் திறந்தபோது விளக்குமாற்றோடு மாடக்கண்ணு வந்து நின்றான்.

"முருகம்மா எங்க?"

"கார்த்திகையில போயிட்டாய்யா." அவன் குரலில் கோபம் இல்லை. "தென்காசிக்குத் தூக்கிட்டு வரத்தான் பாத்தேன். மழையில வண்டி கெடைக்கல. கம்பவுண்டரய்யா இங்கன இருந்தா குடுத்திருப்பாகன்னு சொல்லிக்கிட்டே கெடந்தா."

தாக்கீதுக்குத் தாம் எழுதிய பதிலை அப்போதே சொல்லிவிட நினைத்தார் பரமசிவன். ஆனால் சொல்லாமல் மருந்துப் பெட்டியைப் பிரிக்கத் தொடங்கினார்.

அன்று முதல் மனு மேல் மனுவாக எழுதினார். மழைக்காலத்திலாவது வாரம் ஒருநாள் திறக்க வேண்டும் என்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் வந்தது: அந்த மாதங்களில் அங்கே நோயாளிகள் இல்லை என்று உங்கள் ஆஸ்பத்திரியே தெரிவித்திருக்கிறது.

தபாலாபீஸில் அந்நாளில் மலேரியாவுக்கான கொயினாப் பொட்டலம் விற்றார்கள். மழைக்கால ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கைக்காசில் வாங்கிக்கொண்டு குற்றாலத்துக்கு நடந்துபோய், விறகு வெட்டிகளின் குடிசைகளில் கொடுத்து வந்தார். ஆறு வருஷம் இப்படி ஓடியது. சண்டைக்காலத்தில், கொயினா வந்துகொண்டிருந்த ஜாவாவை ஜப்பான்காரன் பிடித்த பிறகு பொட்டலம் கிடைப்பது அரிதாகிவிட்டது. 1943 ஐப்பசியில் வெறுங்கையோடு போனவர், மாடக்கண்ணுவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"தேவையில்லைன்னு எழுதுனது நான்தான், மாடக்கண்ணு."

மாடக்கண்ணு விறகுக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"படிச்சவுக எழுதுறது எங்களுக்கு என்னய்யா தெரியும்" என்றான். பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு காட்டுப் பக்கம் நடந்தான்.

நாலு வார்த்தை திட்டுவான் என்று எதிர்பார்த்து வந்த பரமசிவன், அவன் போன திசையைப் பார்த்தபடி தூறலில் நின்றார்.