பின் பிரேக்கில் ஊற்றிய எண்ணெய்

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு எண்ணெய்க் குப்பியின் மூடியைத் திறந்தேன். எல்லாம் கெட ஆரம்பித்தது அப்போதுதான். அது எனக்குத் தெரியவந்ததோ புதன்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு, தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தபோது. இடைப்பட்ட இரண்டு நாளும் நான் மிகவும் நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது.

தூத்துக்குடியில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு மற்ற ஊர்க்காரர்களைவிட ஒரு வேலை கூடுதல். கடல் காற்றும் உப்பளக் காற்றும் சேர்ந்து இரும்பைத் தின்றுவிடும். அதற்காகப் பழைய இன்ஜின் ஆயிலைத் தூரிகையில் தொட்டு, வண்டியின் அடிப்பக்கம் முழுவதும் பூசி வைப்போம். புழுதி ஒட்டிக்கொண்டு பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் துரு ஏறாது. கோயம்புத்தூரிலிருந்து வந்த என் மைத்துனர் ஒருமுறை வண்டியைத் தொட்டுவிட்டு, கையைத் துடைக்க இடம் தேடி வீடு முழுக்கச் சுற்றினார்.

என் மோட்டார் சைக்கிளை மகள் ஓட்டத் தொடங்கி மூன்று வருடமாகிறது. துறைமுகத்தில் இறங்கும் சரக்குகளின் மாதிரியைச் சோதிக்கும் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். உப்பளங்களுக்கு நடுவே போகும் சாலை. முன்னும் பின்னும் கண்டெய்னர் லாரிகள். அவள் கிளம்பிப் போய், 'வந்துட்டேன்' என்று செய்தி அனுப்பும்வரை நான் செய்தித்தாளை ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அதற்கு முன் பன்னிரண்டு வருடம் வண்டியைத் தெருமுனை மெக்கானிக் கடையில்தான் விட்டுவந்தேன். கடைக்கார அண்ணாச்சிக்கு என் வயதுதான் இருக்கும். ஒருமுறை திருவிழா நெருக்கடியில் ஆயில் மாற்றியவர், அடியில் இருக்கும் திருகாணியைச் சரியாக இறுக்காமல் விட்டுவிட்டார். எங்கள் பக்கத்து ஆத்தூரைத் தாண்டும்போது ஆயில் முழுவதும் ஒழுகி வண்டி நின்றுவிட்டது. போன் செய்ததும் அவரே வந்தார், சரிசெய்தார், மன்னிப்பும் கேட்டார். திட்டியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். நான் சிரித்துப் பேசி அனுப்பிவிட்டு, அதோடு அந்தக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அடுத்த மாதம் மகள் வண்டியைக் கேட்டாள். அவள் உட்காரப்போகும் வண்டியின் ஒவ்வொரு திருகும் இனி என் கையால்தான் முறுக்கப்பட வேண்டும் என்று தீர்மானித்துவிட்டேன்.

கப்பல் சரக்கு ஆவணங்களைச் சரிபார்ப்பது என் வேலை. ஒரு தாளில் ஓர் எண் மாறினாலும் ஒரு கண்டெய்னர் நாள்கணக்கில் நின்றுவிடும். அதே பழக்கத்தில் வண்டியோடு வந்த கையேட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தேன். வீடியோக்கள் பார்த்தேன். ஸ்பேனர் செட் வாங்கினேன். ஆயில் மாற்றினேன், செயினை இழுத்துக் கட்டினேன், பிளக்கைத் துடைத்தேன்.

என் மனைவி சொல்வாள்: "விட்டா இவ பொறந்த அன்னிக்கு டாக்டர வெளிய நிக்கச் சொல்லிட்டு நீங்களே பாத்திருப்பிய."

டீக்கடையில் பார்த்தால் மெக்கானிக் அண்ணாச்சி பிடித்துக்கொள்வார். "என்ன சார், ஒங்க ஒர்க்‌ஷாப்புக்கு எப்ப போர்டு மாட்டுதிய? நமக்கும் ஒரு வேல போட்டுக் குடுங்க." நான் சிரித்துக்கொண்டே சூடு ஆறாத டீயை வாயில் ஊற்றிக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குப் பிடித்திருந்தன. மகள் படிக்கட்டில் உட்கார்ந்து, நான் கேட்கும் ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பாள். அலுவலகக் கதைகள் சொல்வாள். மேலதிகாரி தும்முவதை நடித்துக் காட்டுவாள். அவள் சிறு பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்குக் கிளம்புமுன் அவள் ஷூ கயிற்றை இரட்டை முடிச்சுப் போட்டுவிடுவேன். அவிழ்க்க முடியாமல் வகுப்பில் அழுதிருக்கிறாள். அதே கையால்தான் இப்போது போல்ட் முறுக்கிக்கொண்டிருந்தேன்.

அன்று பின் பிரேக் மிதி இறுகிப்போயிருந்தது. மிதித்தால் திரும்பி எழ நேரம் எடுத்தது. பின் சக்கரத்தின் நடுவே ஒரு வட்டமான டப்பா உண்டு. அதற்குள்தான் பிரேக் கட்டைகள். வெளியிலிருந்து ஒரு சிறிய தண்டு உள்ளே போய் அந்தக் கட்டைகளை விரிக்கும். தண்டில் உப்புத் துரு. சக்கரத்தைக் கழற்றி, தண்டைத் துடைத்து, தொட்டும் தொடாமலும் கிரீஸ் வைக்க வேண்டும். எனக்குச் சக்கரம் கழற்றத் தெரியாது. அடிப்பக்கம் பூச வைத்திருந்த எண்ணெய் கையில் இருந்தது. துருவுக்கு எண்ணெய் என்பது எங்கள் ஊரில் கை தானாகச் செய்யும் வேலை. தண்டின் இடுக்கில் ஊற்றினேன். அசையவில்லை. மறுபடி ஊற்றினேன். மூன்றாம் முறை மிதி பூப்போல இறங்கி எழுந்தது.

"இப்ப மிதிச்சுப் பாரு" என்றேன்.

மிதித்துப் பார்த்தாள். "சூப்பர்ப்பா."

தெருவில் ஒரு சுற்று ஓட்டினேன். மிதித்த இடத்தில் வண்டி நின்றது. ஊற்றிய எண்ணெய் மெல்ல உள்ளே கசிந்து கட்டைகளை நனைத்து வழுக்கவைக்க ஒரு ராத்திரியாவது ஆகும் என்பது எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை அழைப்பில் ஓர் ஆண் குரல். "சார், பயப்படாதிய. ஒங்க புள்ள வண்டியோட விழுந்துட்டு. நல்லாத்தான் இருக்கு. இங்கன ரோட்டோரம் உப்பு அம்பாரத்துக்கிட்ட உக்காத்தி வச்சிருக்கோம்."

சட்டையின் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் போனேன். வழியெல்லாம் ஓட்டுநரின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாலையைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

சாலையோரம் உப்புக் குவியல் ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வண்டி பக்கவாட்டில் கிடந்தது. நான் இறங்கியதும் நேராக வண்டியிடம் போனேன். ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. குனிந்து பின் சக்கரத்தைத் தொட்டேன். டப்பாவின் விளிம்பில் கறுப்பாக எண்ணெய் கசிந்திருந்தது. விரலை முகர்ந்தேன்.

"அப்பா, நான் இங்கன இருக்கேன்."

கவிழ்த்துப் போட்ட ஒரு கூடைமேல் உட்கார்ந்திருந்தாள். வலது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் உரிந்திருந்தது. உப்பளத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா தான் குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் காயத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்ன சார், பெத்த புள்ள இங்கன கெடக்கு, நீங்க இரும்பப் போயி தடவுதிய?" பிறகு மகள் பக்கம் திரும்பி, "ஏளா, உப்புல விழுந்தா எரியத்தான் செய்யும். அழணும்னா அழு, இங்கன யாரு பாக்கப் போறா" என்றார்.

அவள் அழவில்லை. நடந்ததைச் சொன்னாள். முன்னால் போன லாரி திடீரென நின்றிருக்கிறது. காலால் மிதித்தாள், வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனது. பதறி முன் பிரேக்கைப் பிடித்தாள். சாலையில் சிந்திக் கிடந்த உப்பில் முன் சக்கரம் சறுக்கி, உப்புக் குவியல் பக்கமாகச் சாய்ந்துவிட்டாள். லாரியின் பின்பக்கம் அவள் தலைக்கு இரண்டு முழத் தூரத்தில் இருந்ததாம். அதைச் சொல்லும்போது கையால் அளந்து காட்டினாள்.

நான் மண்ணில் அவள் முன்னால் உட்கார்ந்தேன். "எம்மா, நான்தான். ஞாயித்துக்கெழம அந்தத் தண்டுல எண்ணெய ஊத்துனேன்லா. அது உள்ள போயிருக்கு."

"தெரியும்ப்பா."

"என்ன தெரியும்?"

"திங்கக்கெழமயே பிரேக் வழுக்குச்சு. நேத்து இன்னும் மோசம்."

"பொறவு ஏன் எங்கிட்ட சொல்லல?"

உப்புப் பாத்திகளில் தேங்கிக் கிடந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சாயங்காலம் பூரா குனிஞ்சு கெடந்திய. இடுப்பப் பிடிச்சுக்கிட்டு எந்திச்சு, மிதிச்சுப் பாருன்னிய. மொகத்துல அம்புட்டு சந்தோசம். எப்படிப்பா சொல்ல? அண்ணாச்சி கடைல காட்டலாம்னு பாத்தேன். ஒங்களுக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவிய. அதான் மெதுவா ஓட்டிட்டு இருந்தேன்."

இது நடந்து நாலு மாதம் ஆகிறது. காலையில் போன் அடித்தால் இன்னும் முதலில் எண்ணைத்தான் பார்க்கிறேன். எண்ணெய் ஊற்றியதை என்னால் ஒருவாறு மன்னிக்க முடிகிறது, தெரியாமல் செய்தது. என் மகள் இரண்டு நாள், காலையும் மாலையும், நிற்காத வண்டியில் லாரிகளுக்கு நடுவே போய் வந்திருக்கிறாள், அப்பா முகம் வாடக்கூடாது என்று. அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கடைக்காரரிடம் யாரும் போய், 'நீங்க பாத்த வேலை சரியில்ல' என்று சொல்லலாம். ஆயில் ஒழுகிய அன்று நான்கூடச் சொல்லியிருக்கலாம். கூலி கொடுப்பதில் அந்த உரிமையும் அடக்கம். நான் செய்துகொடுத்த வேலைக்கு அவள் அன்பை மட்டும்தான் கொடுக்க வேண்டியிருந்தது. அதனால் அவளுக்கு வாய் எழவில்லை.

அன்று மண்ணில் உட்கார்ந்தபடியே, "வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஆட்டோ நிக்கு" என்றேன்.

"வண்டிய ரோட்டுல போட்டுட்டா? அண்ணாச்சிக்கு போன் பண்ணிட்டேன். வந்துருவாங்க."

"அவரு நம்பர் ஒங்கிட்ட இருக்கா?"

"இருக்குப்பா" என்றாள்.

அண்ணாச்சி வருவார், டப்பாவைத் திறப்பார், எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து ஏதாவது சொல்வார். அதற்குத் தயாராக எழுந்து நின்றேன். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று இருந்தது.

பத்து நிமிடத்தில் வந்துவிட்டார். லுங்கியோடு, கடையைத் திறந்த கையோடு வந்திருக்க வேண்டும். வண்டியைத் தாண்டி நேராக மகளிடம் போனார். "கைய மடக்கு. நீட்டு. வெரல விரி பாப்போம்." அவள் செய்தாள். "சரி, எலும்பு தப்பிச்சுட்டு. ஆனாலும் டாக்டர்ட்ட காட்டிரணும்."

நான் தொண்டையைச் செருமினேன். "அண்ணாச்சி, அது வந்து, நான் ஞாயித்துக்கெழம..."

"சார், கொஞ்சம் பொறுங்க."

வண்டியை ஒற்றை ஆளாக நிமிர்த்தி நிறுத்தினார். மிதியை ஒருமுறை அழுத்தி விட்டார். அது சத்தமில்லாமல் இறங்கி எழுந்தது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. மகளைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஓட்டுதது நீதான? நீ சொல்லு தாயி. வண்டில என்ன கம்ப்ளைண்ட்?"