எஃப் எழுத்துக்கு ஒரு நிமிடம்

டொரொன்டோவில் காலை ஏழு மணிக்கு ஏறிய பேருந்து 540 கிலோமீட்டர் ஓடி, ஒன்றேகாலுக்கு மொன்றியலில் இறக்கியது. 2008 அக்டோபர். மெட்ரோச் சீட்டு இரண்டு டொலர் எழுபத்தைந்து சதம். பார்க் எக்ஸ்டென்ஷனில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஒரு கடையில் கருவேப்பிலை, அடுத்ததில் கிரேக்க ரொட்டி. மூன்றாம் மாடியில் அண்ணையின் வீடு.

அண்ணை சூசைதாசனுக்கு எழுபத்தொரு வயது. மன்னாரில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். சென்ட் லோரன்ட் கிட்டங்கியில் இருபது வருடம் பெட்டி அடுக்கியவர். இப்போது ஞாயிறுதோறும் கோயில் வான் வண்டியில் வயதானவர்களைப் பூசைக்கு ஏற்றி இறக்குவார். போன மாதம் மழைக்குள் ஒருதரம் பாதை தவறிவிட்டார். வைத்தியர் ஞாபகச் சோதனைக்கு எழுதிவிட்டார். மொழிபெயர்க்க நான் போயிருந்தேன்.

“பயப்பிடாதை தம்பி, சின்னச் சோதினைதானாம்,” என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

மறுநாள் ஒன்பதரை மணி. மருத்துவமனையில் காத்திருக்கும் அறையில் வின்சென்சோ என்றொரு இத்தாலியர், ஓய்வுபெற்ற மேசன், தன் காரைத் தானே ஓட்டி வந்தவர், சோதனை முடித்துக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். இருவரும் உடைந்த பிரெஞ்சில் கதைத்தார்கள். அண்ணை எனக்குத் தமிழில் சொல்லிச் சிரித்தார்: “இவர் நாலாம் வகுப்புத்தானாம். பெட்டிப்படம் கீறச் சொன்னதுக்கு, கல்லைத் தா, சுவர் கட்டித் தாறன் எண்டாராம்.”

உள்ளே ஓர் இளம்பெண் ஆங்கிலத்தில் கேட்டாள், நான் தமிழில் சொன்னேன். வரையச் சொன்ன கடிகாரம் சரியாக வந்தது. பிறகு, எஃப் எழுத்தில் தொடங்கும் சொற்கள், ஒரு நிமிடம். தமிழில் அந்த எழுத்தே இல்லை. அண்ணை என் முகத்தைப் பார்த்தார். இது நியாயமில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மரியாதை என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். நிமிடம் முடிந்தது.

முப்பதுக்குப் பதினேழு. இருபத்தாறு வேண்டுமாம்.

“வெளியே இருக்கிற இத்தாலியரும் இதைத்தானே செய்தார்?” என்று அவளிடம் கேட்டேன்.

“அவர் நோயாளி இல்லை. இத்தாலியம் பேசும் சுகமான ஆட்கள், அவரவர் வயதுக்கும் படிப்புக்கும் எத்தனை புள்ளி எடுப்பார்கள் என்று சேகரிக்கிறோம். அது தெரியாவிட்டால் படிக்காதவர்களை எல்லாம் நோயாளி என்று எழுதிவிடுவோம்.”

“தமிழருக்கு?”

அவள் பேனாவை மூடினாள். “இன்னும் யாரும் சேகரிக்கவில்லை. எங்களிடம் இருக்கும் அளவு இதுதான்.”

நடைபாதைக்கு வந்ததும் அண்ணை கேட்டார், “என்னவாம்?”

“அந்த இத்தாலியர் சுகமான ஆளாம். உங்களுக்கு மறதி வருத்தம் தொடங்குதாம் அண்ணை. இனி வாகனம் ஓடக்கூடாதாம்.”

அவர் தொப்பியைக் கையில் உருட்டினார். “அவரும் வாகனம் ஓடுறார், நானும் ஓடுறன். அவர் சுகமான ஆள். நான் வருத்தக்காரன். என்ன?”

என்னிடம் பதில் இருந்தது. அந்த அறையில் சொல்லாத பதிலை நடைபாதையில் சொல்லி என்ன பயன்? அன்று பின்னேரமே அண்ணை வான் வண்டியின் திறப்பைப் பாதிரியாரிடம் கொடுத்துவிட்டார். ஞாயிறு பூசைக்குக் காத்திருக்கும் ஏழு பேருக்கும் தானே தொலைபேசியில் சொன்னார். ஒருவரின் எண்ணைக்கூடக் குறிப்பேட்டில் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பத்தரைக்கு என் பேருந்து. வழியனுப்ப இறங்கிவந்த அண்ணை தெருவில் நின்றார். இருபத்திரண்டு வருடம் நடந்த தெரு.

“தம்பி, மெட்ரோவுக்கு இஞ்சாலையோ அங்காலையோ?”

பகிடி என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை.

“வலப்பக்கந்தான்… எண்டாலும் நீ ஒருக்காச் சொல்லு.”

சொன்னேன். அதன் பிறகுதான் காலை எடுத்துவைத்தார்.