திரையில் தெரிந்த கால்

இரண்டு வருடங்களுக்கு முன், மழை விட்டிருந்த ஒரு திங்கட்கிழமை காலையில் நடந்தது இது. சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் கடலூர் போய், ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லித் தருகிறேன். மேற்கு ஆசிய நாடுகளின் சமயம், வரலாறு, பண்பாடு என் பாடம். அந்த நாடுகளில் ஒன்றைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் என் வகுப்பில் கைதட்டல் விழும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று வளைகுடா நாடுகளின் இன்றைய நிலை பற்றிய பாடம். இணையத்திலிருந்து எடுத்த ஒரு படத்தைத் திரையில் போட்டேன். மூடிக்கிடந்த ஒரு கம்பெனியின் வாசலில், அட்டைகளை விரித்துத் தொழிலாளர்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். வெயிலுக்கு எல்லோரும் முகத்தைத் துண்டால் மூடியிருந்தார்கள். முதலில் படுத்திருந்தவரின் இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. லேசர் வெளிச்சத்தை அந்தக் காலைச் சுற்றி ஓட்டியபடி, அடையாளமே இல்லாத கூட்டம் என்று ஏதோ வசனம் பேசினேன். வழக்கம்போலக் கைதட்டினார்கள்.

மூன்றாவது பெஞ்சில் ஒரு மாணவி எழுந்தாள். புவனகிரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். அதிகம் பேசமாட்டாள்.

"மேடம், அது எங்கப்பா காலு."

யாரோ சிரித்தார்கள். அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நெல்லு அடிக்கற மிஷின்ல போன வெரலு மேடம். ஆனா அப்பா அங்க சூப்பர்வைசராச்சே? ஏசி ரூம்ல இருக்கேன்னுதான சொல்றாரு?"

என்னைத்தான் கேட்டாள். படத்தை அணைக்கப் போனேன். "அணைக்காதீங்க மேடம்" என்றாள்.

அவளைத் துறை அறைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தேன். அங்கிருந்தே அப்பாவை செல்லில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பா, நீ எங்கப்பா தூங்குற?"

"ரூம்லதான் பாப்பா. ஏன்?"

"வெளியில அட்ட விரிச்சிப் படுத்திருக்கியே. பாத்துட்டேன்."

அதற்கு அவர் கேட்டது இவ்வளவுதான்: "அம்மாவும் பாத்துட்டாளா?"

அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல் வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

கம்பெனி மூடி ஏழு மாதமாம். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருந்த முதலாளி எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. அவளையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு, கலெக்டர் ஆபீசுக்கும் தூதரகத்துக்கும் மனு எழுதி அலைந்தேன். என் சக ஆசிரியர் ஒருவரின் தம்பி அந்த நாட்டில் வேலை பார்க்கிறார்; அவர் நேரில் போய் அவள் அப்பாவைத் தேடிப் பிடித்து உதவினார். நான்கு மாதம் கழித்து அவள் அப்பா ஊர் வந்து சேர்ந்தார்.

ஒருநாள் மகளோடு கல்லூரிக்கு வந்தார். கேட்காமல் கொள்ளாமல் அவரைக் காட்சிப் பொருளாக்கியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மேடம், நீங்க போட்டதாலதான் வந்தேன்" என்றவர், உடனே, "மீதிப் பேரு இன்னும் அங்கதான் கெடக்குறாங்க. அவுங்க ஊரு பேரெல்லாம் சொல்றேன், எழுதிக்கிறீங்களா?" என்றார். நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன்.

நான் பாடமாக நடத்துகிற தேசம், எதிரே உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு பிள்ளைக்கு வீட்டுக் கவலையாக இருக்கலாம் என்ற பயம், ஒவ்வொரு வகுப்புக்குள் நுழையும்போதும் இன்றுவரை என்னோடு வருகிறது.