அட்டை மறைப்புக்குப் பின்னால் ஏழு வருஷம்

எடைக்கல் என்று அவளுக்குப் பெயர் வைத்தது கடைக்காரர்கள். வயது நாற்பத்தாறு. கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கிற அரசாங்க வேலை. பித்தளைக் கற்கள் அடுக்கிய மரப்பெட்டியோடு அவள் தெருமுனையில் திரும்பினால் போதும், பாதிக் கடைக்காரர்களுக்குத் திடீரென்று வெளியே அவசர வேலை வந்துவிடும். தட்டின் நடுவில் ஒரு கல்லை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டிப் போகிற ஆள் இல்லை அவள். நாலு மூலையிலும் வைத்துப் பார்ப்பாள். தட்டைத் தூக்கி, அடியில் காந்தம் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பாள். பத்து கிராம்தானே என்று இளித்த ஒரு பழக்கடைக்காரரை, அந்தப் பத்து கிராம் எத்தனை வருஷமாக ஓடுகிறது என்று கேட்டுக் கேட்டே வியர்க்க வைத்தவள்.

அவள் கணவர் இறந்து ஏழு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனார், அங்கேயே இதயம் நின்றுவிட்டது. அதற்கப்புறம் எல்லோரும் அவளிடம் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மேலதிகாரி, அவள் வாய் திறந்து கேட்காமலே, வம்புதும்பு இல்லாத தெருக்களாகப் பார்த்து அவளுக்கு ஒதுக்கினார். அக்கா வீட்டில் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் இவள் தலையைக் கண்டதும் கப்சிப் ஆனார்கள். மாடியில் துணி காயப்போடும்போது தன் புருஷனைப் பற்றி மணிக்கணக்கில் குறைசொல்லும் பக்கத்து வீட்டுக்காரி, இப்போது வெயிலைப் பற்றி மட்டும் பேசினாள். இரக்கமாம். கேட்கிறேன், அவள் யார் வாசலில் போய் நின்று இரக்கம் கேட்டாள்?

விளையாட்டுக்கு அவளை இழுத்துக்கொண்டு போனது அவளுடைய கொழுந்தன். பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளன், பரம சாது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைச் சகிக்காமல், ஒருநாள் மதியம் கட்டாயப்படுத்தித் தையல் மாஸ்டரின் கடைக்குக் கூட்டிப்போனான். கதவைப் பாதி இறக்கிவிட்டு, துணி வெட்டுகிற பெரிய மேசையைச் சுற்றி மாஸ்டரும் ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் காகிதங்கள், விதவிதமான முகங்கள் கொண்ட பகடைகள். கொழுந்தன்தான் நடுவர். குகை, பாழடைந்த கோட்டை, பூதம், டிராகன் என்று அவன் ஒரு கற்பனை உலகத்தை விவரிப்பான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, நான் இதைச் செய்கிறேன் என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். எதிரிகளுக்கான பகடையை நடுவர், சட்டைப்பெட்டி அட்டையை மடித்து நிறுத்திய ஒரு மறைப்புக்குப் பின்னால் உருட்டுவான்.

சின்னப்பிள்ளை விளையாட்டு என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். மூன்றாவது வாரம் நேரத்துக்கு முன்னாலேயே வந்தாள். அவளுடைய பாத்திரம் ஒரு கோடாலிக்காரி. நாலாவது வாரம், தொங்குபாலத்தில் தனியாளாய் நின்று ஒரு பூதத்தைத் தடுத்து, மற்ற இருவரையும் அக்கரைக்கு அனுப்பிவிட்டு உயிரோடு மீண்டாள் கோடாலிக்காரி. அன்று ராத்திரி எடைக்கல் வயிறாரச் சாப்பிட்டாள். பல மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. அதற்கப்புறம் டிராகன், விஷக்கிணறு, தீப்பிடித்த கோபுரம், எதிலும் அவள் சாகவில்லை. ஏழு வருஷம். திங்கட்கிழமை காலையில் பெட்டியைத் தூக்கும்போது, கோடாலிக்காரியே தாக்குப்பிடித்துவிட்டாள், இந்த வாரத்தை நான் ஓட்ட மாட்டேனா என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அந்த மேசை அவளுக்கு ஏன் பிடித்தது தெரியுமா? பகடைக்கு அவள் விதவை என்று தெரியாது. அது யாருக்காகவும் குரலைத் தாழ்த்தாது.

இந்த வருஷம் விதிப்புத்தகத்தை மாற்றலாம் என்று பேச்சு வந்தது. அவர்கள் வைத்திருந்தது மூன்று தலையணைத் தடிமனுக்கு இருந்தது. ஒரு சண்டை முடிய ஒன்றரை மணி நேரம். தன் முறை வருவதற்குள் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிடலாம் என்று ஓட்டுநர் அலுத்துக்கொண்டார். ஆளுக்கொரு புத்தகம் கொண்டுவந்து, அலசிப் பார்த்து முடிவு செய்வதாக ஏற்பாடு.

மாஸ்டர் கொண்டுவந்ததில் படங்கள் பிரமாதம், மற்றபடி ஒன்றும் புரியவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். கொழுந்தன் கொண்டுவந்தது பஞ்சுமெத்தை மாதிரி ஒரு விதி. அடிபட்டால் மயக்கம், பிழைக்க மூன்று வாய்ப்பு, ஒரு ராத்திரி தூங்கினால் எல்லாக் காயமும் ஆறிவிடும். ஓட்டுநர் கொண்டுவந்தது அறுபத்துநாலே பக்கம். பழைய காலத்துப் பாணியில் எழுதின விதிகள். உயிர்ப்புள்ளி பூஜ்யம் என்றால் சாவு, பேச்சுக்கே இடமில்லை. பாத்திரத்தின் பலத்தை மூன்று பகடை உருட்டி எடுக்கவேண்டும், விழுந்ததே நிலை. இரண்டாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு கட்டளை: நடுவர் எல்லாப் பகடையையும் எல்லார் கண்ணுக்கும் தெரிய மேசை நடுவில் உருட்டவேண்டும்.

எடைக்கல்லுக்கு எதுவானாலும் சரிதான். ஆனால் எதற்கும் எதிர்த்துப் பேசாத கொழுந்தன், அந்த மெலிந்த புத்தகத்தின்மேல் பாய்ந்தான். காட்டுமிராண்டி விதி என்றான், கதைக்கு ஆகாது என்றான், அச்சு சரியில்லை என்றுகூடச் சொன்னான். என்னப்பா இவ்வளவு சூடு என்று ஓட்டுநர் கேட்டபோதுதான், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே மாஸ்டர் வாயை விட்டார்.

"அவன் கவலை அவனுக்கு. இந்த புக்கு வந்தா அண்ணியோட ஆளு ஒரு வாரம் தாங்குமா?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஓட்டுநர் திடீரென்று ஒரு பகடையை எடுத்து அக்கறையாகத் துடைக்க ஆரம்பித்தார். கொழுந்தன் முகத்தில் ஈயாடவில்லை. திருட்டுத் தராசுக்குப் பின்னால் நிற்கிற முகங்களை இருபது வருஷமாகப் பார்த்தவள் அவள். ஒரே சமயத்தில் மூன்று அப்படிப்பட்ட முகங்களை அன்றுதான் பார்த்தாள்.

ஏன் தாங்காது என்று கேட்டாள். சும்மா பேச்சுக்குச் சொன்னது என்று மாஸ்டர் மென்று விழுங்கினார். அவள் மாஸ்டரை விட்டுவிட்டுக் கொழுந்தனைப் பார்த்தாள். பகடையில் விழுந்ததை எத்தனை தடவை மாற்றிச் சொன்னாய் என்று நேராகக் கேட்டாள். ஞாபகம் இல்லை என்றான். அங்கேதான் அவன் மாட்டிக்கொண்டான். ஆய்வகத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவன், ஓர் அளவைக்கூட எழுதாமல் விட அவன் கைக்குத் தெரியாது. ஒவ்வொரு ஞாயிறும் மறைப்புக்குப் பின்னால் அவன் ஒரு நோட்டில் குறிப்பெழுதுவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அவள் கையை நீட்டினாள்.

நோட்டில் எல்லாம் இருந்தது. நிஜமாக விழுந்த எண், அதன்மேல் ஆய்வகப் பழக்கப்படி படிக்கும்படியாக ஒற்றைக் கோடு, பக்கத்தில் அவன் வாயால் சொன்ன எண். வாய் கூசாமல் பொய் சொன்னவனுக்கு, எழுதியதை அழிக்க மனசு வரவில்லை பாருங்கள். பதினோரு இடம். டிராகன், விஷக்கிணறு, கோபுரம். முதல் கோடு நாலாவது வாரம், தொங்குபாலம். கோடாலிக்காரி அன்றே செத்துப்போயிருந்தாள்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மற்றவர்கள் ஏமாற்றியது பெரிதில்லை, அவர்களை அவள் நம்பியதே இல்லை. மேலதிகாரி பொய்யாகக் கனிந்தார், அக்கா பொய்யாக அடங்கினாள், அது தெரிந்த விஷயம். இந்த ஒரு மேசைதான் பொய் பேசாது என்று நம்பி, ஏழு வருஷத் திங்கட்கிழமைகளை அதன்மேல் கட்டியிருந்தாள். மூன்று பேரும் கூடி, தட்டுக்கு அடியில் விரலைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். அதற்கு அன்பு என்று பெயர் வேறு.

"இந்த ஏழு வருஷத்துல எதுப்பா என்னோடது?" என்றாள். குரல் உயரவில்லை.

மெலிந்த புத்தகத்துக்கு அவள் ஓட்டுப் போட்டாள். ஓட்டுநர் கையைத் தூக்கினார். மாஸ்டர் கொழுந்தனைப் பார்க்காமல் கையைத் தூக்கினார். மூன்றுக்கு ஒன்று. அடுத்த ஞாயிறு மறைப்பு கிடையாது, அதே பாலம், அதே பூதம், நாலாவது வாரத்துக் கோடாலிக்காரி என்று சொல்லிவிட்டு எடைக்கல் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

அந்த வாரம் கடைவீதி பட்ட பாடு கடைக்காரர்களுக்குத்தான் தெரியும். பதினெட்டுத் தராசுகளின் முத்திரையைப் பிடுங்கினாள். மேலதிகாரியின் அறைக்குப் போய், எனக்கு வம்பு பிடித்த தெருக்களைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டாள். நல்லதுக்குத்தானே செய்தேன் என்று அவர் ஆரம்பிக்க, யாருடைய நல்லதுக்கு என்று அவள் திருப்பிக் கேட்டாள். கொழுந்தன் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தான், ஒருதரம் மின்விசிறியைச் சரிசெய்கிற சாக்கில். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள், விசிறி ஓடியதும் வாசல் கதவைத் திறந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மேசை மொட்டையாக இருந்தது. அட்டை இல்லை. பழைய காகிதத்தைப் பார்த்துப் புது விதிப்படி அவள் கோடாலிக்காரியை எழுதினாள். உயிர்ப்புள்ளி ஆறு. கொழுந்தன் பாலத்தை விவரித்தான். அன்றைக்குச் சொன்ன அளவுக்கு இன்று சொல்ல வரவில்லை அவனுக்கு, கயிறு, காற்று, கீழே ஆறு என்று முடித்துக்கொண்டான். ஓடிவிடலாம் அக்கா, இந்த விதியில் ஓடுவது தப்பில்லை என்றார் ஓட்டுநர். நீங்கள் இரண்டு பேரும் போங்கள், நான் நிற்கிறேன் என்றாள். அன்று சொன்னதும் அதுதான்.

அவள் முதலில் உருட்டினாள். கோடாலி பூதத்தின் தோளில் இறங்கியது, ஆனால் அது விழவில்லை. இனி பூதத்தின் முறை. பதின்மூன்றோ அதற்கு மேலோ விழுந்தால் அடி படும். கொழுந்தன் இருபது முகப் பகடையைக் கைக்குள் வைத்துக் குலுக்கிக்கொண்டே இருந்தான், விட மனம் வரவில்லை. போடு தம்பி என்றாள். போட்டான். மேசையின் குறுக்கே ஓடி, சாக்குக்கட்டிக் கோடு ஒன்றின் மேல் நின்றது. பதினேழு. காயத்துக்கான பகடையில் எட்டு.

"மேசை ஆடிடுச்சு, திரும்பப் போடுறேன்" என்று அவன் கை தானாகப் பகடையை நோக்கிப் போனது. நாலு பேர் சேர்ந்து தள்ளினாலும் அசையாத வெட்டுமேசை அது. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்ன விழுந்திருக்குன்னு படி."

படித்தான். கோடாலிக்காரி செத்துவிட்டாள். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். கொழுந்தன் உடைந்துபோனான், கண்ணைத் துடைக்கக்கூட இல்லை.

"அன்னிக்கு விழுந்ததை அப்படியே சொல்லியிருந்தா, அடுத்த வாரம் நீங்க வந்திருக்க மாட்டீங்க அண்ணி. திரும்பவும் அந்தச் சுவரையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க. எனக்குப் பயமா இருந்துச்சு."

அவள் அவன் கையை விடவில்லை. இத்தனை வருஷத்தில் தம்பி என்பதைத் தவிர வேறு வார்த்தையால் அவனை அழைத்ததில்லை.

"ஒரு மனுஷனையே தூக்கிக் குடுத்துட்டு உக்காந்திருந்தவ நான். ஒரு காகிதத்தைத் தூக்கிக் குடுக்க மாட்டேன்னு உனக்கு யாருடா சொன்னது? என்னைக் கேட்டியா? ஒரு வார்த்தை கேட்டியா?"

இல்லை என்று தலையாட்டினான். அவள் கையை விட்டாள். செத்தவளின் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வெற்றுக் காகிதம் ஒன்று கேட்டாள். ஓட்டுநர் எடுத்துக் கொடுத்தார். மூன்று பகடைகளை அள்ளிப் புது ஆளின் பலத்துக்கு உருட்டினாள். ஒன்று, ஒன்று, மூன்று. ஒரு வாளியைக்கூடத் தூக்கமுடியாத பலம் அது. மாஸ்டர் உச்சுக்கொட்டினார். கொழுந்தன் என்னவோ சொல்ல வாயைத் திறந்தான். அண்ணியின் முகத்தைப் பார்த்தான், மூடிக்கொண்டான்.

"அஞ்சு" என்றான்.

அவள் எழுதிக்கொண்டாள்.