எட்டு வருடம் இருந்தால் லாபம்

அந்தக் கடிதம் அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை வந்தது. தேதிகளை நினைவில் வைப்பது என் பழக்கம். முடிச்சூரில் எங்கள் தெருவுக்கு முதன்முதலில் தார் போட்ட நாள், டிசம்பர் வெள்ளத்தில் கீழ்வீட்டார் மாடிக்கு ஏறி வந்த நேரம், சொந்தக்காரர்களின் பிறப்பு, இறப்பு எல்லாம் கேட்டால் சொல்லிவிடுவேன். அதுவரை அதனால் எந்தத் தீங்கும் வந்ததில்லை.

நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் வைப்பு நிதிக்கு மாதாமாதம் பணம் பிடித்தார்கள். முதலாளி போட்ட பங்கில் ஒரு சிறு பகுதி மட்டும் ஓய்வூதியத்துக்கு ஒதுங்கியது. ஓய்வு பெற்ற அன்று நிதியை மொத்தமாக வாங்கி வங்கியில் போட்டேன். ஓய்வூதியமாக வந்தது கரண்ட் பில்லுக்கும் பாலுக்கும் சரியாக இருந்தது. பிறகு ஒரு நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. முழுச் சம்பளத்தின் அடிப்படையில் ஓய்வூதியம் வேண்டும் என்பவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். நானும் விண்ணப்பித்தேன். அதற்கான பதில்தான் அந்தக் கடிதம். இத்தனை வருட வித்தியாசத்தை வட்டியோடு திருப்பிக் கட்டினால் ஓய்வூதியம் பல மடங்காகும். கட்டுவதும் கட்டாததும் உங்கள் விருப்பம். கட்டிய பணம் திரும்ப வராது. நான் இருக்கும்வரை எனக்கு முழுதும், எனக்குப் பிறகு மனைவி இருக்கும்வரை அதில் பாதியும் வரும்.

கட்டவேண்டிய தொகை, வங்கியில் இருந்ததில் பெரும்பகுதி. ஆக, கேள்வி ஒன்றுதான்: இன்னும் எத்தனை நாள் இருப்பேன்? இதை நான் என்னிடம் ரகசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தால் அதோடு போயிருக்கும். ஊரே வாய்விட்டுக் கேட்டது.

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலை ஓரமாக ஒரு டீக்கடை. என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஏழெட்டுப் பேர் காலை நடை முடிந்து அங்கேதான் சேர்வோம். அதே கடிதம் அவர்களுக்கும் வந்திருந்தது. அந்த மாதம் முழுக்க யாரும் அரசியல் பேசவில்லை, கிரிக்கெட் பேசவில்லை.

"உங்க நைனா எத்தினி வயசுல பூட்டாரு சார்?" என்றார், லேத் ஓட்டிய பழைய நண்பர் ஒருவர். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

சொன்னேன்.

"எங்க நைனா அம்பத்தெட்டு. நமக்கு இது வேலைக்காவாது. நீ கட்டு சார். உனுக்கு பிரஷர்கூட கெடையாது."

"அவருக்கு சுகர் கீதுபா" என்றார் இன்னொருவர்.

"சுகர் இன்னா பண்ணும்? மெதுவாத்தான் கொல்லும். அதான் லாபம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் அதே ஆள் என் கணுக்கால் வீங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். யாராவது இருமினால் மற்றவர்கள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்கள்; பார்த்துவிட்டுத் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கும் ஆட்களுக்குக்கூட அந்த மாட்டின் மேல் கொஞ்சம் மரியாதை இருக்கும். நான் நான்கு நாள் வேறு தெரு வழியாக நடந்தேன்.

என் மகன் கூடுவாஞ்சேரியில் அடுக்குமாடி வீடு ஒன்றுக்கு முன்பணம் கொடுத்திருந்தான். வங்கியில் இருக்கும் என் பணம் கடனைக் குறைக்க உதவும் என்று அவன் நினைத்தது தப்பில்லை. வாய்விட்டுக் கேட்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், மீன் குழம்பு ஊற்றிய தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக் கணக்குப் போட்டான்.

"அப்பா, சிம்பிள். எட்டு வருஷத்துல போட்ட காசு திரும்பிடும். அதுக்கு மேல எவ்ளோ வந்தாலும் உங்களுக்கு லாபம். அதுக்கு முன்னாடின்னா…" என்று நிறுத்தி, மீன் முள்ளை எடுத்தான்.

"அதுக்கு முன்னாடி செத்தா நஷ்டம்" என்று நான் முடித்து வைத்தேன்.

"நான் அப்படிச் சொல்லல."

சொல்லவில்லைதான். என் மனைவி அவன் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். எங்கள் குடும்பத்தில் எத்தனை சண்டை இருந்தாலும் அன்று எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். முந்தின நாளே புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, அன்று மாலை செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, பாதிரியார் வந்து மந்திரிக்கும்வரை பக்கத்திலேயே நிற்போம். என் அப்பா, அம்மா, பெரியப்பா, இரண்டு சித்தப்பாக்கள் எல்லோரும் ஒரே வரிசையில் இருக்கிறார்கள்.

மகன் போனை எடுத்து ஒவ்வொரு கல்லாகப் படம் எடுத்தான். எனக்கு மனம் நிறைந்தது. பிள்ளைக்கு இப்போதாவது முன்னோர்மேல் ஒரு பிடிப்பு வந்ததே என்று, அவன் கேட்காமலேயே ஒவ்வொருவரைப் பற்றியும் சொல்லிக்கொண்டு போனேன். அப்பாவின் கல் முன்னால் வந்ததும் என் வழக்கம்போல ஒரு திருத்தமும் சொன்னேன்.

"இதுல இருக்கிற பிறந்த வருஷம் தப்பு. பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது வாத்தியார் ரெண்டு வயசு குறைச்சுப் போட்டார். ரயில்வே வேலைக்கு அதையே கொடுத்தாங்க, கல்லுலயும் அதையே வெட்டிட்டாங்க."

மகன் தலை நிமிர்ந்தான். "அப்போ தாத்தா எழுபத்தொண்ணு இல்ல, எழுபத்திமூணா?"

"ஆமா."

"சூப்பர்ப்பா. ஆவரேஜ் ஏறுது." கட்டைவிரல் திரையில் ஓடியது. பிறகு ஒரு சந்தேகம் வந்ததுபோல என்னைப் பார்த்தான். "உங்க சர்டிபிகேட்ல இருக்கிறது கரெக்ட்தானே?"

என் வயதையும் ஒரு வருடம் குறைத்துத்தான் போட்டிருந்தார்கள். எங்கள் தலைமுறையில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள். பள்ளி திறக்கும் மாதம் அது. கேட்டால் தேதியைச் சொல்லிவிடும் இந்த நாக்கு அங்கேயும் சும்மா இருக்கவில்லை.

"அப்போ உங்களுக்கு ஒண்ணு போச்சு, தாத்தாவுக்கு ரெண்டு வந்துச்சு. ஓகே, இன்னும் பிளஸ்லதான் இருக்கோம்" என்றான்.

ஆயுள்வரை தரும் பணத்துக்கு விலை குறிக்க, ஒரு காலத்தில் ஐரோப்பாவில் இறப்புப் பதிவுகளை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று படித்திருக்கிறேன். படித்தபோது அது மனித அறிவின் பெரிய பாய்ச்சலாகத் தோன்றியது. என் அப்பாவின் கல்லில் மெழுகு வழிந்துகொண்டிருக்க, அதே காரியம் என் கண் முன்னால் நடந்தபோது குமட்டிக்கொண்டு வந்தது. மகன் மேல் மட்டும் இல்லை. இதே வரிசையில் முந்தின நாள் புல் செதுக்கும்போது, இதே கூட்டலை நானும் மனதுக்குள் போட்டுப் பார்த்திருந்தேன்.

என் மனைவி காய்ந்த மெழுகை ஒரு ஸ்பூனால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலேயே பேசினாள்.

"டேய், என் பக்கத்தையும் போட்டுக்கோ. எங்க அம்மா இன்னும் சாகல. அத எந்தக் கட்டத்துல போடுவ?"

"அம்மா, நான் சும்மா ஒரு கால்குலேஷன்…"

"எண்பத்தேழு வயசு. செங்கல்பட்டுல என் தம்பி வீட்டுல இருக்கா. கண்ணுக்கு விடுற சொட்டு மருந்து தீர்ந்தா, நாலு நாள் கழிச்சுத்தான் அவங்கிட்ட சொல்றா. கேக்க வெக்கம். நாலு நாளும் கண்ணு எரியும். என் தம்பி கெட்டவன் இல்ல, கேட்டா வாங்கித் தருவான். ஆனா கேக்கணும் இல்ல?"

"நான் உனக்குத் தர மாட்டேனாம்மா?"

"தருவ. நான் கேக்க மாட்டேன்."

பக்கத்துக் கல்லறைக்காரர்கள் எங்களைப் பார்க்காதமாதிரி பார்த்தார்கள். பாதிரியார் அடுத்த வரிசைக்கு வந்துவிட்டார். தீர்த்தம் தெளிக்கும்போது மகன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சிலுவை அடையாளம் வரைந்தான்.

இத்தனை நாள் எல்லோரும் என் ஆயுளைத்தான் அளந்துகொண்டிருந்தோம். அவள் ஆயுள் அந்தக் கணக்கில் ஒரு மூலையில் பாதி என்று கிடந்தது. என்னைவிட ஏழு வயது இளையவள், அவள் பக்கத்தில் சீக்கிரம் சாகும் வழக்கமும் இல்லை. நான் போன பிறகு அவள் யார் முகத்தைப் பார்த்து நிற்பாள் என்பதை நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

மறுவாரம் இருவரும் வங்கிக்குப் போனோம். டெபாசிட்டை உடைக்கப் போகிறோம் என்றதும், டை கட்டிய இளைஞர் ஒருவர் எங்களை நாற்காலியில் உட்கார வைத்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்க வயசுல இவ்ளோ பணத்தைப் போய் பென்ஷன்ல லாக் பண்ணுறது ரிஸ்க். எங்ககிட்ட ஒரு பாலிசி இருக்கு…"

"எது ரிஸ்க்? இவரா?" என்றாள் என் மனைவி.

அவர் என்னைப் பார்த்தார். டீக்கடைக்காரர்கள் பார்த்த அதே பார்வை: தலைமுடியில் தொடங்கி, கையில் தெரியும் நரம்புக்கு இறங்கி, வயிற்றில் நின்றது. டெபாசிட்டை உடைக்கும் படிவத்தை வாங்கினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தேன்.

உயர்த்திய ஓய்வூதியம் கோடையில் வரத் தொடங்கியது. முதல் மாதமே ஏடிஎம் கார்டை அவளிடம் கொடுத்தேன். அவளே போய்ப் பணம் எடுத்து, ரயிலேறி, தன் அம்மாவின் தலையணை உறைக்குள் கொஞ்சம் வைத்துவிட்டு வந்தாள்.

மகன் கோபத்தில் சில மாதம் சரியாகப் பேசவில்லை. பிறகு தினமும் போன் செய்யத் தொடங்கினான். நடந்தீர்களா, மாத்திரை போட்டீர்களா, ராத்திரி சோறா சப்பாத்தியா என்று கேட்பான். பாசமாகவும் இருக்கலாம். ஆனால் எனக்கு அதில் அந்த எட்டு வருடம் கேட்டது. டயர் தேயாமல் பார்த்துக்கொள்ளும் வண்டிச் சொந்தக்காரனின் குரல் கேட்டது. இது என் கோளாறா, அவன் கோளாறா என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கெட்டுப்போன பாலைக் காய்ச்சிய பாத்திரம்போல, எத்தனை முறை கழுவினாலும் அந்த வாடை போகவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, ரத்தம் எடுக்க ஆய்வுக்கூடத்துப் பெண் ஒருத்தி பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். முழு உடல் பரிசோதனைக்கு மகன் பணம் கட்டியிருந்தான். அந்த நேரம் பார்த்து அவனே போன் செய்தான். மனைவி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, அப்பா வெறும் வயித்துல இருக்காரா? இனிமே மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாத்துடலாம். அவர் நல்லா இருக்கணும்மா. போட்ட காசாவது…"

"டேய், அவர் நாளைக்கே போனாலும் எனக்குப் பாதி வரும். நீ உன் வேலையப் பாரு" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ஆய்வுக்கூடத்துப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தக் கடிதம் வந்த வியாழக்கிழமைக்குப் பிறகு என் சாவைப் பற்றிக் கேட்டதில் வயிறு புரட்டாத முதல் பேச்சு அதுதான்.

அவள் அந்தப் பெண்ணிடம் "இன்னைக்கு வேணாம்மா, உனக்கு வீண் அலைச்சல்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, எங்கள் இருவருக்கும் காபி கலந்தாள். என்னுடையதில் சர்க்கரை போட்டிருந்தாள்.