கண்ணாடி உடைந்த கதையைச் சொன்னவர்கள்

ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் அவளுக்கு வேலை. நிரல் எழுதத் தெரியுமா என்று சோதிப்பது அவள் பாடு அல்ல. அதற்கு எஞ்சினியர்கள் இருந்தார்கள். அவர்கள் கசக்கிப் பிழிந்து அனுப்பிய பிறகு கடைசிச் சுற்றில் வந்து உட்காருகிறவர்களிடம் இவள் வேறு மாதிரிக் கேள்விகளைக் கேட்பாள். கூட வேலை பார்த்தவரோடு முட்டிக்கொண்ட ஒரு சமயத்தைச் சொல்லுங்கள். நீங்கள் தோற்றுப்போன ஒரு சமயம். உங்கள் தப்பே இல்லாத ஒன்றுக்கு நீங்கள் பொறுப்பேற்ற சமயம். ஒருவன் நாளைக்கு எப்படி நடந்துகொள்வான் என்பதற்கு நேற்று நடந்துகொண்டதுதான் அத்தாட்சி என்பது அந்தத் தொழிலின் நம்பிக்கை.

வருகிறவர்கள் எல்லாரும் தயார்செய்துகொண்டு வருவார்கள். உங்கள் குறை என்ன என்றால், எதையும் ரொம்பக் கச்சிதமாகச் செய்ய நினைப்பதுதான் என் குறை என்று வாய் கூசாமல் சொல்வார்கள். அவள் சிரிக்க மாட்டாள். கேட்டு முடித்துவிட்டு, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, "அப்புறம்?" என்பாள். அவ்வளவுதான் அவளுடைய வித்தை. மனப்பாடம் செய்த கதை இரண்டாவது அப்புறத்தில் வற்றிவிடும். உண்மையில் நடந்தது வற்றாது. அதில் எப்போதும் இன்னும் திறக்காத ஒரு கதவு இருக்கும். அலுவலகத்தில் அவளுக்கு 'அப்புறம் அக்கா' என்றே பெயர்.

வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும். அம்மாவுக்குக் கண் புகைபடர்ந்து, ஆள் நிழலாகத்தான் தெரியும். அண்ணன் ஒருவன் இருந்தான். அவனும் கம்ப்யூட்டர் வேலைக்குத்தான் வேறு ஊருக்குப் போனான். யாரோடோ அறையைப் பகிர்ந்துகொண்டு இருந்தான். போன் பேசுவது குறைந்தது. பிறகு ஒருநாள் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. கம்பெனியில் விசாரித்தால், ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார் என்றார்கள். போலீஸ், பேப்பர் விளம்பரம், காணாமல் போனவர்களுக்கான இணையப் பக்கம், எல்லாம் பார்த்தாயிற்று. அப்பா அந்தக் கவலையிலேயே போய்ச்சேர்ந்தார். வாரக் கடைசியில் அந்த இணையப் பக்கத்தைத் திறந்து, அடையாளம் தெரியாதவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு மூடுவது அவளுக்குப் பல் தேய்ப்பது போலப் பழகிவிட்டது.

முதலில் வந்தவன் ஒரு ஒல்லிப் பையன். கழுத்துப்பட்டை அவனுடையதாகத் தெரியவில்லை. பொறுப்பேற்ற சமயத்தைப் பற்றிக் கேட்டாள்.

"ஆபீஸ்ல நடந்தது இல்ல மேடம். சின்ன வயசுல நடந்தது. சொல்லலாமா?"

"சொல்லுங்க."

அம்மாவின் ஆளுயரக் கண்ணாடியைத் தங்கை பந்தடித்து உடைத்துவிட்டாள் என்று ஆரம்பித்தான். தங்கை வெறுங்காலோடு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே நின்றாள். அவன், 'யாரும் அசையாதீங்க' என்று பெரிய மனிதன் போலச் சொல்லிவிட்டு, குளியலறையில் கிடந்த அப்பாவின் ஆரஞ்சு நிறச் செருப்பைப் போட்டுக்கொண்டு சொத் சொத்தென்று நடந்துபோய், அவளை முதுகில் ஏற்றி வெளியே கொண்டுவந்தான். அப்பா வந்ததும், நான்தான் உடைத்தேன் என்றான்.

அவள் மேசைக்கு அடியில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டாள். அந்த முதுகின் வியர்வை வாடைகூட அவளுக்கு நினைவிருந்தது. முதுகில் ஏறியிருந்தவள் அவள்தான்.

"அப்புறம்?" என்றாள். பழக்கதோஷம்.

"அப்பா என்னை மோட்டார் ரூம்ல போட்டுப் பூட்டிட்டார் மேடம். ஒரே இருட்டு. தங்கச்சி வீட்டைச் சுத்திச் சுத்தி வந்து அண்ணா அண்ணான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. எனக்குக் கேட்டுது. நான் பதில் சொல்லல."

"ஏன்?"

"சொன்னா ஓடி வந்து உண்மையச் சொல்லிடுவா. அடி அவளுக்கு விழும்."

இது அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு வீடெல்லாம் தேடியதும், அப்பா அவனைக் கடைக்கு அனுப்பியிருக்கிறேன் என்று சொன்னதும் மட்டும்தான் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேனேஜர் தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார். பையனுக்கு வேலை கிடைத்தது.

கண்ணாடி எல்லா வீட்டிலும்தான் உடைகிறது, தங்கைக்காக அடி வாங்காத அண்ணன் உண்டா என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் மழை ஆரம்பித்த சமயத்தில் ஒரு பெண் வந்தாள். அவள் கதையில் அண்ணன் அக்காவாகியிருந்தான். செருப்பு அதே ஆரஞ்சு. அதற்குப் பிறகு ஒருவன் கடல் தாண்டி ஏதோ ஒரு தேசத்திலிருந்து கேமரா வழியாகப் பேசினான். கெட்டிக்காரன், எல்லாவற்றையும் அலுவலகமாக மாற்றியிருந்தான். கண்ணாடி சர்வர் கம்ப்யூட்டர் ஆகியிருந்தது, தங்கை புதிதாகச் சேர்ந்த, மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்டர் ஆகியிருந்தாள். சர்வர் செயலிழந்ததும் டீமைப் பார்த்து, 'யாரும் அசையாதீங்க' என்று சொன்னானாம். அந்த டெஸ்டர் பெண் வராந்தாவில் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனதைக் கேட்டும் பதில் கொடுக்காமல் இருந்தானாம்.

அன்று சாயங்காலம் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, கண்ணாடி உடைஞ்ச அன்னிக்கு அப்பா அண்ணன எங்க கூட்டிட்டுப் போனார்?"

அம்மாவின் கை நின்றது. "மோட்டார் ரூமுக்கு. சொல்லக் கூடாதுன்னார். யாரு சொன்னா உனக்கு?"

அவள் ஒன்றுமில்லை என்று எழுந்து போய்விட்டாள்.

அண்ணனை அக்காவாக்கிச் சொன்ன பெண் வேலையில் சேர்ந்திருந்தாள். அவளைத் தனியாகக் கேன்டீனில் பிடித்தாள். "அந்தக் கதை யாரோடது? பயப்படாதம்மா, உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

பெண் தேநீர்க் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். "இன்டர்வியூக்குப் பழக்குற ஒரு கோச் இருக்கார்க்கா. போன்லயே சொல்லித் தருவார். எனக்கு இந்தக் கேள்வியெல்லாம் வரவே வராது. என் வாழ்க்கையில ஒண்ணுமே நடக்கலன்னு சொன்னேன். அதுக்கு அவர், என் வாழ்க்கைல நடந்தத எடுத்துக்கோம்மான்னார்."

"அவர் வாழ்க்கைல நடந்ததா?"

"அப்படித்தான் சொன்னார். சொல்லும்போது குரல் கம்மிடுச்சு."

விலாசமும் நம்பரும் வாங்கிக்கொண்டு அடுத்த விடுமுறை நாளிலேயே ரயில் ஏறினாள். அம்மாவிடம் ஆபீஸ் வேலை என்று சொன்னாள். வழி முழுக்க அவள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். அண்ணனைப் பார்த்ததும் முதலில் திட்டுவதா, அழுவதா, ஒன்றும் பேசாமல் நிற்பதா. இத்தனை வருஷம் அடுத்தவர்களை ஒத்திகை பார்த்துக்கொண்டு வர வைத்தவளுக்கு முதல் வரிகூடச் சரியாக வரவில்லை.

ஒரு சலவைக் கடைக்கு மேலே முதல் மாடி. கதவைத் திறந்தவர் தடித்த உடம்பும் சோடாபுட்டிக் கண்ணாடியுமாக இருந்தார். அண்ணன் இல்லை. எத்தனை வருஷம் ஆனாலும் காது மாறாது. இது அவன் காது இல்லை.

அவர் அவளை வேலை தேடி வந்தவள் என்றே நினைத்துக்கொண்டார். உள்ளே ஒரு மேசை, எதிரெதிராக இரண்டு நாற்காலி. கீழேயிருந்து நீராவி வாடை ஏறி வந்தது. சுவரில் ஒரு படம்கூட இல்லை.

"உக்காருங்க. எந்தக் கம்பெனி இன்டர்வியூ?"

"கண்ணாடி உடைஞ்ச கதையச் சொல்லுங்க," என்றாள்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். குரல் வேறு. ஆனால் வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி, மூக்கால் ஒரு மூச்சை விட்டு, பிறகு தொடருவது அண்ணனுடையது. அவள் இரண்டு முறை அப்புறம் என்றாள். வற்றவில்லை. மோட்டாரின் மேல் பல்லி ஓடியது, தாழ்ப்பாளின் துருவை நகத்தால் சுரண்டியது என்று கதை உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

"தங்கச்சிய நான் கொசுன்னுதான் கூப்பிடுவேன்," என்றார். "காதுகிட்ட வந்து நொய்நொய்னு பேசிட்டே இருப்பா."

வேலைக்கு வந்த ஒருவரும் அதைச் சொன்னதில்லை. வீட்டில் இருந்த நாலு பேரைத் தவிர யாருக்கும் தெரியாத பெயர் அது.

பையிலிருந்து அண்ணனின் போட்டோவை எடுத்து மேசையில் வைத்தாள். அவர் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட, இவன் என் ரூம்மேட்டுங்க. பாவம், நல்ல பையன். வாயே திறக்க மாட்டான். வீட்டப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல. நான்தான் பேசிக்கிட்டே இருப்பேன், அவன் கேட்டுக்கிட்டே இருப்பான்."

"இப்ப எங்க இருக்கார்?"

"ஒருநாள் காலைல பார்த்தா ஆள் இல்ல. துணிகூட எடுத்துக்கல. அதுக்கப்புறம் ஒரு தகவலும் இல்ல."

அவள் அவரையே பார்த்தாள். பொய் சொல்கிறவர்களைக் கண்டுபிடிப்பதுதான் அவள் பிழைப்பு. இந்த மனிதர் பொய் சொல்லவில்லை. அவளுக்கு நடந்தது ஒருவாறு விளங்கியது. முதல் வேலைக்குப் போக இவரிடம் சொல்ல ஒரு கதையும் இருந்திருக்காது. அந்த அறையில் அண்ணன் தன்னுடையதைச் சொல்லிக் கொடுத்திருப்பான். ஒவ்வொரு கம்பெனியிலும் அதையே சொல்லி, பிறகு ஊரெல்லாம் சொல்லிக் கொடுத்து, அது இவர் உடம்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கதைக்குச் சொந்தக்காரன் மட்டும் வாய் திறக்காத ரூம்மேட் ஆகிவிட்டான்.

"உங்க சொந்த ஊர், அப்பா, அம்மா..."

அவர் யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். "சின்ன வயசுன்னாலே எனக்கு அந்த வீடுதாங்க ஞாபகம் வருது. மத்ததெல்லாம் மங்கலா இருக்கு."

"நான்தான் கொசு," என்றாள்.

குட்டு வெளிப்பட்டதும் தலைகுனிவார், மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். கண் நிறைந்து வழிந்தது.

"இவ்வளவு பெருசா வளந்துட்டியா," என்றார்.

அவள் போட்டோவை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். மேலேயிருந்து அந்தக் குரல் வந்தது. "கொசு, கடைசிப் படி ஒடஞ்சிருக்கு, கால் பாத்து."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அது அண்ணன் இல்லை என்பதை மூன்று விதமாகச் சொன்னாள். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். முடித்ததும், "அவன் நம்பர் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

ஒருதரம் பேசினால் அம்மாவுக்கே தெரிந்துவிடும் என்று போட்டுக் கொடுத்தாள். அம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அன்னிக்கு உள்ள இருந்தப்ப பயந்தியாடா?"

அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் பக்கத்தில் நின்றவளுக்கும் கேட்டது. "கொஞ்சம் பயமா இருந்துச்சும்மா. கொசு கூப்பிட்டுட்டே இருந்தாளா, அதனால தெரியல."

அம்மா அன்றைக்கு வெகுகாலத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

"குரல் மாறிடுச்சு. வயசாகுதில்ல," என்றாள்.

"அம்மா, அது அண்ணன் இல்லன்னு சொன்னேன்ல."

"சரிடி. அவன் இல்லதான். நாளைக்கும் போட்டுக் குடு."

அதற்குமேல் நிறுத்த முடியவில்லை. தினமும் பேசுவது வழக்கமாயிற்று. அம்மா மாத்திரை சாப்பிட்டாயா என்று அவர் கேட்பார். அம்மா அவரை வேளைக்குத் தூங்கச் சொல்வாள். சில சமயம் அவளே வாங்கிப் பேசினாள். அவள் மறந்துபோன சங்கதிகளையெல்லாம் அவர் சொன்னார்: காய்ச்சலில் அவள் உளறியது, தாழ்வாரத்தில் செத்துக்கிடந்த புறாவை இருவருமாகப் புதைத்தது. நடந்ததா, அவராகச் சொல்கிறாரா என்று சொல்ல அவளிடம் சாட்சி இல்லை. கேட்டு முடித்து இரண்டு நாள் ஆனால் புறாவின் இறகு நிறம் அவளுக்கும் நினைவு வந்தது. அது அவளைக் கலக்கியது. இருந்தாலும் மறுபடி பேசினாள். காணாமல் போனவர்களின் பக்கத்தை எப்போது திறக்காமல் விட்டாள் என்பது அவளுக்கே தெரியாது.

போன மாதம் ஒருநாள் வேலை முடிந்து வந்தாள். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"மத்தியானம் யாரோ ஒருத்தன் வந்தான்," என்றாள் அம்மா. "கதவத் திறந்தேன். அம்மான்னான். இப்பல்லாம் விக்க வர்றவனுங்க எல்லாம் அப்படித்தான் கூப்பிடுறானுங்க."

"என்ன வித்தான்?"

"ஒண்ணும் சொல்லல. அம்மா, நான்தான்மான்னான். யாருப்பா நீன்னேன். சும்மாவே நின்னான். எம்பையன் இப்பத்தான் பேசினான், எங்களுக்கு எதுவும் வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டேன்."

அவள் கைப்பையைக் கீழே போட்டுவிட்டுப் படியில் ஓடினாள். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். வாட்ச்மேன் நாற்காலியை நிழலுக்கு நகர்த்திக்கொண்டிருந்தார். ஆமாம், ஒருத்தர் வந்தார், இறங்கி வந்து கேட்டுக்கு வெளியே வெகுநேரம் மாடியைப் பார்த்துக்கொண்டே நின்றார், பிறகு போய்விட்டார் என்றார். எந்தப் பக்கம் என்று கேட்டாள். கவனிக்கவில்லை என்றார். ஆள் எப்படி இருந்தார் என்று கேட்டாள். அதையும் அவர் கவனிக்கவில்லை.

இருட்டும்வரை பஸ் நிறுத்தம், கடைத்தெரு, பாலத்தடி எல்லாம் சுற்றினாள். ஒரு இடத்தில் வாய்விட்டு அண்ணா என்று கூப்பிட்டாள். போகிறவர்களில் நாலைந்து ஆண்கள் திரும்பிப் பார்த்துவிட்டுத் தங்கள் வழியில் போனார்கள்.

வீடு திரும்பியபோது அம்மா போனில் இருந்தாள். முகத்தில் சிரிப்பு.

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "யாரோ தெரியாத ஆளு."